கடைமடைக் கணக்கு

மேட்டூர் அணையின் மதகுகள் திறக்கப்படும் நாளைத் தஞ்சைத் தரணி முழுவதும் எதிர்நோக்கியிருக்கும். 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையைக் குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12ஆம் நாளில் திறத்தல் மரபாகி வந்துள்ளது. நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போதலும் உண்டு. நீர் நிறைந்திருந்த 2022ஆம் ஆண்டில் மே 24ஆம் நாளே திறந்ததும் உண்டு. அணையை விட்டுப் புறப்பட்ட நீர் மூன்று அல்லது நான்கு நாளிற் கல்லணையை வந்து சேரும். அங்கு நெல்லும் மலரும் தூவி அதனை வரவேற்பர். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் மதகுகள் உயர்த்தப்படும். 'காவிரி நீர் வந்தது' என்று மறுநாட் செய்தித்தாள்கள் எழுதும்.

ஆயினும், வேதாரணியத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நாற்றங்காலைச் சீர்செய்து வைத்துவிட்டு, வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்திருக்கும் உழவன் அவ்வாறு சொல்லான். கல்லணையைக் கடந்த நீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலுக்கும் பிரிந்து, மேல்மடைக்காரர் வயலெல்லாம் நிறைந்த பின்னர் அவனுடைய மடைக்கு வருதல் வேண்டும். அதற்குப் பின்னும் பல நாள் ஆகும்; சில ஆண்டுகளில் வாராமலே போதலும் உண்டு. தன் வரப்பை நீர் தொட்ட பிறகுதான் 'வந்தது' என்னும் சொல் அவன் வாயிலிருந்து பிறக்கும். இது கடைமடைக்காரன் கணக்கு. பட்டறிவாற் பெற்ற கணக்கு ஆதலின், இதிற் பிழை காண்டல் அரிது.

நீரின் செலவைக் கணக்கிடுவதில் இத்துணைத் தெளிவுடைய தஞ்சை மக்கள், மனிதரின் செலவைக் கணக்கிடும்போது மட்டும் கல்லணையோடு நின்றுவிடுகின்றனர். 'சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு?' என்று ஒருவரை வினவினால், 'நான்கு மணி நேரம்' என்று விடை வரும். திருச்சிராப்பள்ளியில் வானூர்தி புறப்பட்டது முதல் சிங்கப்பூரில் சென்று நிற்கும் வரை உள்ள நேரம் அது. அதனையே முழுப் பயணம் என்று கொள்வது, கல்லணைக்கு வந்த நீரைக் கடைமடைக்கு வந்ததாக எழுதிக்கொள்வதை ஒக்கும். இப்பிழை சிறிதன்று. இதனால் பெற்ற தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணும் பேற்றை இழந்தவரும் உளர்.

தொலைவை நேரத்தாற் சொல்லுதல் புதுமை என்று கருத வேண்டா. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்த தமிழர், ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவன் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்றனர். இயல்பான நடைக்கு அஃது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஆகும். ஏழு நாழிகை வழி ஒரு காதம் என்பது ஒரு வாய்பாடு. வீட்டிற்கும் களத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் 'கூப்பிடு தூரம்' என்றனர். இவையெல்லாம் கயிறு பிடித்து அளந்தவை அல்ல. காலும் குரலும் அளந்தவை. வறண்ட கோடையில் ஒரு நாழிகையிற் கடந்த வழியை, ஐப்பசி அடைமழையில், கணுக்கால் அளவு புதையும் வண்டல் சேற்றில், மூன்று நாழிகையிலும் கடக்க இயலாது என்பதனைப் பழைய மக்கள் அறிவர். மைல்கல் மாறாது, வழி மாறும்.

பயணத்தைப் பழந்தமிழ் 'செலவு' என்றது. செல்லுதல் செலவாயிற்று. பின்னர் அச்சொல்லே கைப்பொருள் கழிவதனையும் குறிக்கலாயிற்று. செல்பவன் கையிலிருந்து பணமும் உடன் செல்லும் ஆதலின், ஒரு சொல் இரண்டையும் தாங்கி நிற்பது பொருத்தமே. எனினும் பணம் கழிவதற்கு முன்னே கழிவது பொழுது. அதனைத்தான் இக்காலத்தார் கணக்கில் எழுத மறந்துவிடுகின்றனர்.

இனி, அந்த நான்கு மணி நேரம் எவ்வாறு அமைகிறது என்று காண்போம். திருச்சிராப்பள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் இடையேயுள்ள நேர்த்தொலைவு ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். நேர்த்தொலைவு என்பது தட்டையான நிலப்படத்தின்மேல் அளவுகோலை வைத்து இழுத்த கோடு அன்று. உலகம் உருண்டையாதலின், அவ்வுருண்டையின்மேல் இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு நூலை இறுகப் பிடித்தால், அந்நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் கோட்டிற்கும் நூலுக்கும் பெரிய வேற்றுமை தோன்றாது. வடக்கே செல்லச் செல்ல வேற்றுமை மிகும். தில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு நூல் பிடித்துப் பார்க்கும் மாணவன், அந்நூல் கிழக்கும் மேற்கும் நோக்காமல் வடதுருவத்தை நோக்கி ஏறுவதைக் கண்டு வியப்பான்.

வானூர்தி மேலே நிலைபெற்றபின் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை பறக்கும். அவ்வேகத்தில் 2,980 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் அவ்வேகம் எழுந்தவுடனே வருவதில்லை. இறங்கும்போது அது படிப்படியாகக் குறைதலும் வேண்டும். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லுதல், முன்னே நிற்கும் வானூர்திக்காகக் காத்து நிற்றல், இறங்குமுன் ஒருமுறை வட்டமிடுதல் ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு மணியும் அதன்மேற் சில நிமிடங்களும் ஆகும். ஆக, பறக்கும் நேரத்துக்குள்ளேயே காத்திருக்கும் நேரமும் ஒளிந்து கிடக்கிறது.

பயணச்சீட்டைப் பார்த்து இந்நேரத்தை அறிய முயலும் மாணவன் வேறொரு குழப்பத்தில் விழக்கூடும். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குத் திருச்சியை விடும் வானூர்தி காலை 7 மணி 40 நிமிடத்திற்குச் சிங்கப்பூரை அடைவதாகச் சீட்டில் அச்சிட்டிருப்பதாகக் கொள்க. கழித்துப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம் வரும். அங்கிருந்து இரவு 8 மணிக்குப் புறப்படும் வானூர்தி அன்றிரவே 9 மணி 40 நிமிடத்திற்குத் திருச்சியில் இறங்குவதாக இருந்தால், கழித்து வருவது 1 மணி 40 நிமிடமே. போவதற்கு ஒரு வேகமும் வருவதற்கு மற்றொரு வேகமும் வானூர்திக்கு உண்டோ எனின், இல்லை. இரண்டிற்கும் ஆன நேரம் 4 மணி 10 நிமிடம். சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. கீழ்த்திசையில் ஞாயிறு முந்தித் தோன்றுவதே அதற்குக் காரணம்.

உலகம் ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ளவை சற்றேறக்குறைய 25 பாகைகள். அவ்வாறாயின் வேற்றுமை 100 நிமிடமாக அன்றோ இருத்தல் வேண்டும்? இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? ஞாயிறு தரும் கணக்கு வேறு, அரசு தரும் கணக்கு வேறு. இந்தியா முழுவதற்கும் பொதுவாக 82½ பாகைக் கோட்டின் நேரம் கொள்ளப்பட்டிருக்கிறது. தஞ்சாவூரில் உச்சிப்பொழுது கடிகாரத்திற்குக் கால் மணி நேரம் பிந்தி வருவது அதனால்தான். சிங்கப்பூரோ மலேசியாவோடு ஒத்துச் செல்லும்பொருட்டு 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதற்கு முன் வேற்றுமை இரண்டு மணியாக இருந்தது. ஊர்கள் நகரவில்லை, கடிகார முள் நகர்ந்தது.

காற்றையும் இங்கே எண்ணுதல் வேண்டும். இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வலிய மேற்காற்று, கிழக்கு நோக்கிச் செல்லும் வானூர்தியைத் தள்ளியும் மேற்கு நோக்கிச் செல்வதனைத் தடுத்தும் ஏறக்குறைய ஒரு மணி நேர வேற்றுமையை உண்டாக்கும். தென்னிந்திய வானில் நிகழ்வது இதனினும் சுவையானது. தென்மேற்குப் பருவக் காற்று நிலத்தின்மேல் மேற்கிலிருந்து வீசும் மாதங்களில், மிக உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு விரைகாற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞராகிய பி. கோட்டேசுவரம் 1958ஆம் ஆண்டில் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆகவே, ஆடி மாதத்தில் நாகப்பட்டினக் கடற்கரையில் நிற்பவனது மேலாடை கிழக்கு நோக்கிப் பறக்கும்போது, அவன் தலைக்கு மேல் மிக உயரத்திற் காற்று மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கீழ்க்காற்றை நம்பித்தான் பண்டைய மரக்கலங்கள் கடாரம் சென்றன. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதி. நாகப்பட்டினத்திலிருந்து அதற்கு நேர்த்தொலைவு ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவிற் கடல் கடந்து அதனை வென்ற செய்தி, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. போருக்கு முன்பே வணிகமும் நட்பும் இருந்தன. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான் என்பதனை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன.

அக்காலத்து மாலுமியை 'கடாரம் எவ்வளவு தொலைவு?' என்று வினவியிருந்தால் இத்தனை நாள் என்று ஒரே விடையாக அவன் சொல்லியிருக்கமாட்டான். தென்மேற்குக் காற்றிற் புறப்பட்டால் ஒரு கணக்கு. அங்கே சரக்கு விற்று முடிந்தாலும், வடகிழக்குக் காற்று எழும் வரை திரும்ப வழியில்லை. அக்காத்திருப்பும் பயணத்தின் ஒரு பகுதியே. தாய்லாந்து நாட்டின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னும் பெயரால் ஒரு குளம் வெட்டப்பெற்றதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பெற்றதையும் அது கூறுகிறது. வந்த அன்றே திரும்புபவர் குளத்திற்குக் காவல் ஏற்பரோ? மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தங்கியிருப்பவரே ஏற்பர். அவ்வணிகர்கள் காத்திருக்கும் காலத்தை வீண் என்று ஒதுக்காமல் கணக்கில் எழுதினர், குளமாகவும் எழுதினர்.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றின் தயவு வேண்டாமற் போயிற்று. 1926ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்னும் வழியில் ஓடிற்று. 1973ஆம் ஆண்டு வரை, போர்க்கால இடையீடு நீங்கலாக, காவிரிப் படுகையின் எண்ணிறந்த குடும்பங்களுக்கு அக்கப்பலே மலேயா நாட்டின் வாயிலாக இருந்தது. கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். ஆனால் அந்த ஒரு வாரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு எவரும் புறப்பட்டதில்லை. ஊரிலிருந்து மாட்டுவண்டி, பின்னர் 1860களின் தொடக்கத்திலேயே போடப்பெற்ற திருச்சி - நாகை இருப்புப்பாதையிற் புகைவண்டி, நாகையிற் கப்பல் வரும் நாள் வரை சத்திரத்திலோ முகாமிலோ தங்கல், கரையருகே ஆழமின்மையால் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகிற் பயணம், அக்கரையை அடைந்தபின்னும் உடனே ஊருக்குள் நுழைய இயலாது. மேல்தளப் பயணிகள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான் தீவிலும் இருந்த நோய்த்தடை முகாம்களில் நாட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே இரப்பர்த் தோட்டத்திற்கு வழி. வாசலிலிருந்து வாசலுக்கு என்று எண்ணினால், ஒரு வாரக் கப்பற்பயணம் ஒரு திங்களை விழுங்கிவிடும்.

ரஜூலா ஓய்ந்தபின் ஓடிய 'எம். வி. சிதம்பரம்' என்னும் கப்பலும் 1985ஆம் ஆண்டில் நேர்ந்த தீ விபத்தோடு மறைந்தது. நாகைக்கும் மலேயாக் கரைக்கும் இருந்த கடல்வழி அத்துடன் முடிவுற்றது என்னலாம். இன்று திருச்சியின் வானூர்தி நிலையமே காவிரிப் படுகையின் துறைமுகம். 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் திறக்கப்பெற்ற அதன் புதிய முனையத்தில், பழைய நாகைத் துறையில் நின்றவரின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் வரிசையில் நிற்கின்றனர். 'சின்னச் சிங்கப்பூர்' என்று பெயர் பெற்ற கூத்தாநல்லூரார் நிற்பர். நாகூராரும் முத்துப்பேட்டையாரும் மன்னார்குடியாரும் நிற்பர். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை எனத் தொல்காப்பியம் கூறும். அவ்வரிசையிலோ, செவிலியராகவும் பொறியியல் வல்லுநராகவும் தனியே செல்லும் மகளிர் பலர் உளர். இலக்கணம் கூறியது அக்கால வழக்கு. வழக்கு மாறியது நன்றே.

முதியோர் சிலர், 'கப்பல் நாளில் மக்கள் ஒருவரையொருவர் மறவாதிருந்தனர். வானூர்தி வந்து பிரிவை மலிவாக்கிவிட்டது' என்று வருந்துவர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. கப்பல் நாளிற் சென்றவருள் திரும்பாதவர் எத்தனையோ பேர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தோட்டக் கூலிகளை மலேயாவிற்கு அனுப்புவதனைத் தடை செய்யும் வரை, நாகைத் துறையில் நின்று கையசைத்த தாய்மாருட் பலர்க்கு அதுவே இறுதிக் காட்சியாயிற்று. 1942ஆம் ஆண்டு முதல் 1945 வரை சப்பானியர் மலேயாவை ஆண்ட காலத்தில் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. சயாம் - பர்மா இருப்புப்பாதை அமைப்பதற்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருட் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். அவர்கள் இறந்த நாள் இன்னதென்று அறியாமல், எந்நாளிற் பிண்டம் வைப்பது என்று தெரியாமல், காவிரிக்கரை வீடுகளிற் காத்திருந்தோர் பலர். அன்று நாகைக்கும் பினாங்கிற்கும் இடைப்பட்ட தொலைவு எத்தனை காதம் என்று எந்த வாய்பாட்டைக் கொண்டு சொல்வது? அத்தொலைவைச் சிறப்பென்று போற்றுபவர் அதனை நடந்து பார்த்தவர் அல்லர். வானூர்தி குறைத்த தொலைவு, குறைய வேண்டிய தொலைவே.

குறை வானூர்தியில் இல்லை; கணக்கிடுவோரிடத்தே உள்ளது. அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். வேதாரணியத்தை அடுத்த சிற்றூரில் ஒரு முதியவர் வைகறை மூன்றரை மணிக்கு இயற்கை எய்துகிறார் என்று கொள்க. மூத்த மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். தொலைபேசி உடனே ஒலிக்கிறது. அங்கே மணி ஆறு. சுற்றத்தார் ஒருவர், 'சிங்கப்பூர்தானே, நான்கு மணி நேரத்தில் வந்துவிடுவான். நண்பகலில் எடுத்துவிடலாம்' என்று ஊராரிடம் சொல்லிவிடுகிறார். அவர் அறிந்த கணக்கு அவ்வளவே.

மகனின் கணக்கைப் பார்ப்போம். தொழிலிடத்தில் விடை பெறுதல், கடவுச்சீட்டு எடுத்தல், பயணச்சீட்டிற்கு இடம் தேடல் ஆகியவற்றை முடித்து, சாங்கி வானூர்தி நிலையத்தை எட்டரை மணிக்குள் அடைந்தான் என்க. நற்பேறாக 11 மணிக்குப் புறப்படும் வானூர்தியில் ஓர் இடமும் கிடைத்துவிட்டது. அஃது இல்லையேல் இரவு வரையோ மறுநாள் வரையோ காத்திருத்தல் வேண்டும். 4 மணி 10 நிமிடம் பறந்து திருச்சியில் இறங்குகையில் இந்திய நேரம் பகல் 12 மணி 40 நிமிடம். கடிகாரம் இரண்டரை மணி நேரத்தைத் திருப்பித் தந்தது அவனுக்கு ஓர் உதவி. குடிநுழைவும் சுங்கமும் கடந்து வெளியே வர 1 மணி 40 நிமிடம். அங்கிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரணியத்திற்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கடைத்தெருக்களுக்குள் நுழைந்து வெளிவரும் சாலை. அறுவடைக் காலமாயின் நெல் மூட்டைகள் ஏற்றிய லாரிகள். மகிழுந்திற் சென்றாலும் நான்கு மணி நேரம் ஆகும். வீட்டு வாசலில் அவன் இறங்கும்போது மாலை 5 மணி 40 நிமிடம்.

செய்தி கேட்டது முதல் வாசலில் இறங்கியது வரை 14 மணி 10 நிமிடம். அதிற் பறந்த நேரம் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. இதனினும் கருதத்தக்கது வேறொன்று: 2,980 கிலோமீட்டர் கடலையும் வானையும் கடக்க ஆன நேரம் நான்கு மணி, 160 கிலோமீட்டர் மண்ணைக் கடக்க ஆன நேரமும் நான்கு மணி. மகிழுந்து அமர்த்த வசதியில்லாதவன் மூன்று பேருந்து மாறி வருவானாயின், வானிலிருந்ததைக் காட்டிலும் மண்ணில் மிகுதியான நேரம் கழியும்.

நண்பகலில் எடுத்துவிடலாம் என்று சொன்னவர் இரண்டு மணிக்குப் பொறுமை இழப்பார். மூன்று மணிக்குப் பந்தலில் முணுமுணுப்பு எழும். குளிர்ப்பெட்டி வைத்திருந்தாலும், பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்னும் வழக்கம் ஒருபுறம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்ப வேண்டும் என்னும் கவலை மறுபுறம். இளைய மகனோ பங்காளி ஒருவரோ கொள்ளியைக் கையில் ஏற்பார். சுடுகாட்டிலிருந்து ஊரார் குளித்துத் திரும்பும் வழியில் மகனது மகிழுந்து எதிர்ப்படும். இது கற்பனையில் மட்டும் நிகழ்வதன்று. 'ஆறு மணி ஆகும், காத்திருங்கள்' என்று விடியற்காலையிலேயே யாரேனும் கணக்கிட்டுச் சொல்லியிருந்தால் ஊர் காத்திருக்கும். காத்திருக்க அறியாத ஊர் அன்று அது; ஒவ்வோர் ஆண்டும் நீருக்குக் காத்திருக்கும் ஊர்.

ரஜூலா ஓடிய நாளில் இத்துயரம் வேறு வகையாக இருந்தது. தந்தி போய்ச் சேரும். மகன் வர இயலாது என்பதனை இருபுறத்தாரும் அறிவர். குற்றம் கடலுடையது. இன்று வர இயலும் என்பதனால், வாராமை மனிதனுடைய குற்றமாகிவிடுகிறது. ஒரு மணி நேரத் தவறு ஒரு குடும்பத்தின் நெஞ்சில் நீங்காத வடுவாகிறது. ஆதலின் வேகம் மிகுந்த காலத்திற்கு மிகுதியான கணக்கறிவு வேண்டும். மாலுமிக்கு வேண்டியதைக் காட்டிலும் மிகுதியாக.

வானிற் செல்லும் வேகம் இனி விரைந்து கூடும் என்று நம்பியிருப்பதிற் பயனில்லை. 1958ஆம் ஆண்டிற் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707 பறந்த வேகமும், இன்றைய வானூர்திகளின் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. ஒலியினும் இருமடங்கு விரைந்து பறந்த கான்கார்டு 1976ஆம் ஆண்டிற் பணி தொடங்கி, எரிபொருட் செலவும் பேரிரைச்சலும் தாங்காமல் 2003ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வான்வேகம் நின்ற இடத்தில் நிற்க, தரையிற் சோதனைகளும் வரிசைகளுமே நீண்டன. குறைக்கத்தக்க நேரம் முகிலுக்கு மேல் இல்லை. திருச்சிக்கும் கடைமடை ஊர்களுக்கும் இடையே கிடக்கிறது.

தஞ்சாவூரிலேயே ஒரு பெரிய வானூர்தித் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தோன்றிய அது, 2013ஆம் ஆண்டில் விமானப்படைத் தளமாகத் திறக்கப்பெற்றது. 2020ஆம் ஆண்டில் சுகோய் போர் விமானங்களின் அணி ஒன்றும் அங்கு நிறுத்தப்பெற்றது. ஒலியை முந்தும் அவ்விமானங்கள் தலைக்கு மேல் இடிபோல் முழங்கிச் செல்லும்போது, கீழே சாலையில் திருச்சிக்குச் செல்லும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்துவார் ஒரு வெளியூர்ப் பயணி. இக்காட்சியில் நகைப்பதற்கும் சிறிது இடமுண்டு.

2018ஆம் ஆண்டு நவம்பர் திங்களிற் கஜா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்தபோது, மண்வழியின் அருமையை அப்பகுதி உணர்ந்தது. தென்னைகள் சாலையெங்கும் விழுந்து கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, தொலைபேசி ஓய்ந்தது. அந்நாட்களிற் சிங்கப்பூரிலிருந்து பதைத்து வந்தவனுக்கும் திருச்சி வரை நான்கு மணிதான். அப்பால் தன் ஊருக்கு எத்தனை மணி என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. மரத்தை அறுத்து வழி செய்தவனுடைய அரிவாளே அன்று தொலைவை அளந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியம்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை உப்பு ஏற்றிச் சென்ற பழைய பாதை. மீட்டர் பாதை மூடப்பட்டபின் பல ஆண்டுகள் அங்கு வண்டியின் ஓசையே இல்லை. அகலப்பாதையாக்கப்பெற்று 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. அதனை வரவேற்கப் பெருங்கூட்டம் எதற்கு என்று நகரத்தார் கேட்கலாம். முப்பத்தேழு கிலோமீட்டர்ப் பாதை அது. வானூர்தி இரண்டரை நிமிடத்தில் அதனைக் கடந்துவிடும். கடைமடை ஊர்களுக்கோ, சிங்கப்பூர் வழியில் அந்த முப்பத்தேழுதான் நீளமான பகுதி. அவ்வண்டி திருத்துறைப்பூண்டியை அடையும் நேரத்தையும், அங்கிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் வண்டியும் பேருந்தும் புறப்படும் நேரத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்தால், வேதாரணியத்தானுக்கு ஒரு மணி நேரமேனும் மிச்சமாகும். புதிய வானூர்தி ஒன்று வாங்கி அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த எந்த நாட்டாலும் இயலாது. அட்டவணை எழுதுவோர்க்கோ ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும்.